இரண்டாவது இசைத்தொகுப்பில் காற்றைத் தொட்ட இசைஞானி

மலாய் மொழியில் லாயாங் லாயாங் என்றால் காற்றாடி. ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டி, தோட்டங்கள் சூழ அமைந்துள்ள நம் ஊரின் பெயரிலேயே காற்று இருக்கிறது. காற்றையே பெயராகவும் கருவாகவும் கொண்ட ஓர் இசைத்தொகுப்பும் உண்டு. இளையராஜா 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நத்திங் பட் விண்ட்' தான் அது. 'காற்றன்றி வேறில்லை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

இசைஞானியின் திரைப்பாடல்களை மனப்பாடமாகப் பாடுகிற பலர் இந்தத் தொகுப்பை ஒருமுறைகூட முழுமையாகக் கேட்டதில்லை. அதில் பாடல் வரிகள் இல்லை, கதாநாயகன் இல்லை, படமும் இல்லை. இசை மட்டுமே இருக்கிறது.

முதல் தொகுப்பு

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றவர். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். பத்து ஆண்டுகள் கழித்து, 1986இல், திரைப்படத்துக்கு வெளியே தமது முதல் கருவியிசைத் தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்?' வெளியிட்டார்.

தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசை மேதை பாஹ்குக்கும் அவர் அதைக் காணிக்கையாக்கினார். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அதில் முதன்மையாக ஒலித்தது. கர்நாடக இசையும் மேற்கத்திய செவ்வியல் இசையும் அதில் நேருக்கு நேர் உரையாடின. பாலு மகேந்திரா தமது 'வீடு' படத்தின் பின்னணிக்கு இந்தத் தொகுப்பின் இசையையே பயன்படுத்தினார்.

இரண்டாவதில் என்ன செய்வது?

எந்த இசைக்குழுவுக்கும், எந்தக் கலைஞருக்கும் இரண்டாவது தொகுப்புதான் பெரிய சோதனை. முதல் தொகுப்பில் பல ஆண்டுகளாக மனத்தில் சேர்த்து வைத்ததைக் கொட்டிவிடலாம். அதையே மறுபடியும் செய்தால் "அதே பாட்டுத்தானே" என்பார்கள். முற்றிலும் மாற்றினால் முதல் தொகுப்பை விரும்பியவர்களே விலகிவிடக்கூடும்.

இளையராஜா மாற்றத்தையே தேர்ந்தெடுத்தார். வயலின் இருந்த இடத்துக்குப் புல்லாங்குழல் வந்தது. இசை என்பது தென்றல், காற்று, புயல் போன்ற ஓர் இயற்கை நிகழ்வுதான் என்ற எண்ணம் தொகுப்பின் அடிப்படையானது. வாசிக்க வந்தவர் இந்துஸ்தானி புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா. 1967இல் சிவகுமார் சர்மா, பிரிஜ் பூஷண் காப்ரா ஆகியோருடன் அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' அதற்கு முன்பே உலகப் புகழ் பெற்றிருந்தது. அவருக்குத் துணையாக 50 பேர் கொண்ட வாத்தியக் குழு அமர்ந்தது.

தொகுப்பில் ஐந்தே படைப்புகள்: 'கம்போசர்ஸ் பிரெத்', 'நத்திங் பட் விண்ட்', 'மோசார்ட் ஐ லவ் யூ', 'சிங்கிங் விண்ட்', 'சாங் ஆஃப் சோல்'. ஒவ்வொன்றும் நிதானமாக விரிகிறது.

ஒரு குழலும் ஐம்பது பேரும்

சௌராசியா வாசிக்கும் பான்சூரி, கர்நாடகக் குழலைவிட நீளமானது. அதன் நாதம் தாழ்ந்தது, மென்மையானது. வயலின், செல்லோ கூட்டத்தின் நடுவே அது எளிதில் அமுங்கிவிடும். இது முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. நம் மரபில் இராகம் ஒற்றை வரியாக, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்கிறது. மேற்கத்திய வாத்தியக் குழுவிலோ பல வரிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. தவறான இடத்தில் ஒரு சுரத்தைச் சேர்த்தாலும் இராகத்தின் முகம் மாறிவிடும்.

தீர்வு, எழுதும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக இசைக்குறிப்பு எழுதித் தருவது இளையராஜாவின் வழக்கம். எந்த இடத்தில் தந்திகள் ஒதுங்க வேண்டும், எந்த இடத்தில் குழலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தாளிலேயே முடிவாகிவிடுகிறது. அத்துடன், ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்கத் தோன்றும் மெட்டுகளைக் கட்டுவதில் திரையிசை அவருக்குக் கொடுத்த பயிற்சியும் இங்கே கைகொடுக்கிறது. அதனால்தான் சங்கீத ஞானம் இல்லாதவர்களையும் இத்தொகுப்பு ஈர்க்கிறது.

பிறகு வந்தவை

1993இல் அவர் இலண்டன் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் சிம்பொனி ஒன்றைப் பதிவு செய்தார், அது வெளிவரவில்லை. 2005இல் புடாபெஸ்ட் வாத்தியக் குழுவுடன் 'திருவாசகம்' வந்தது. 2025 மார்ச் 8ஆம் தேதி அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. இந்த நீண்ட பயணத்தில், முதல் தொகுப்பு ஏதோ ஒருமுறை நடந்த முயற்சி அல்ல என்பதை உறுதி செய்த படிதான் 'நத்திங் பட் விண்ட்'.

நமக்கு என்ன?

திரைப்படத்தைச் சாராத தமிழ் இசை மலேசியர்களுக்குப் புதிதல்ல. யோகி பி & நட்சத்திரா 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', தமிழகம் வரை சென்று பேசப்பட்டது. அதில் வந்த 'மடை திறந்து', இளையராஜா 'நிழல்கள்' (1980) படத்துக்கு அமைத்த பாடலிலிருந்து பிறந்ததே.

ஆனாலும் நம் திருமண மண்டபங்களிலும் பள்ளி விழாக்களிலும் இன்றும் பெரும்பாலும் திரைப்பாடல்களே ஒலிக்கின்றன. உள்ளூர்க் கலைஞர் ஒருவர் சேமிப்பைச் செலவழித்து முதல் தொகுப்பைக் கொண்டு வருகிறார். கேட்பார் இல்லாவிட்டால் இரண்டாவது வருவதே இல்லை. இசைஞானிக்கே பத்தாண்டுத் திரையிசைப் புகழ் பின்பலமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பலம் நாம்தான்.

ஒரு மாலைப் பொழுதில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, 'சிங்கிங் விண்ட்' படைப்பிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால், அடுத்த மாலையை நம் ஊர்ப் பிள்ளைகளின் தொகுப்பு ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.