குட்டிப் பனைமரம் மாதிரி முளைக்கும் வில்லன்... ரீஃப் டேங்கில் அனிமோன் தொல்லைக்கு என்ன தீர்வு?

ஆசை ஆசையாக வளர்க்கும் ரீஃப் டேங்க். ஒருநாள் பாறை இடுக்கில் குட்டிப் பனைமரம் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறது. மெல்லிய தண்டு, உச்சியில் ஓலை போல ஆடும் உணர்கொம்புகள். ``அட, அனிமோன் தானாவே வந்துடுச்சே, நீமோவுக்கு வீடு ரெடி!’’ என்று குஷியாகிவிடாதீர்கள். அது ஐப்டேசியா. க்ளவுன் மீன்கள் பொதுவாக அதில் குடியேறாது. ஆனால் ஒன்று பத்தாகி, பாறை முழுக்கப் பரவி, பக்கத்திலிருக்கும் பவளங்களைக் கொட்டிக் காயப்படுத்தும்.

எப்படி உள்ளே வந்தது?

பெரும்பாலும் புதிதாக வாங்கிய பாறையிலோ, பவளத் துண்டிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற உடல், நீளமான கூர்நுனி உணர்கொம்புகள் இருந்தால் ஐப்டேசியா. குட்டையாக, உணர்கொம்பின் நுனி சற்று உருண்டு, பச்சை அல்லது பழுப்பாக இருந்தால் மஜானோ. இரண்டுமே தொல்லைதான்.

பிடுங்கவே பிடுங்காதீங்க!

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இதுதான். தொட்டதும் ஐப்டேசியா பாறைத் துளைக்குள் சுருங்கிக்கொள்ளும். சுரண்டினால் அடிப்பாகம் பிய்ந்து துணுக்குகள் சிதறும். ஒவ்வொரு துணுக்கும் புது அனிமோனாக வளரக்கூடியது. ஒன்றை ஒழிக்கப்போய் ஐந்தை வளர்த்துவிடுவோம்!

ஒன்றிரண்டு இருந்தால்...

சிரிஞ்ச் போதும். `கால்க்வாசர்’ எனப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியைக் கொஞ்சம் ஆர்.ஓ தண்ணீரில் பேஸ்ட்டாகக் குழைத்துக்கொள்ளுங்கள். ஐப்டேசியா-எக்ஸ் போன்ற ரெடிமேட் மருந்துகளும் உண்டு. பம்ப்பை நிறுத்திவிட்டு, அனிமோனின் வாய்ப்பகுதியில் மெதுவாகச் செலுத்தி, முழுவதும் மூடுங்கள். கால்க்வாசர் தண்ணீரின் பி.ஹெச் அளவை ஏற்றிவிடும் என்பதால் ஒரே நாளில் நிறைய வேண்டாம். பவளத்தின் மேல் படக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம்.

கூட்டமாகிவிட்டால்...

அதைச் சாப்பிடும் உயிர்களை இறக்கலாம்.

பெப்பர்மின்ட் இறால்: சின்னச் சின்ன ஐப்டேசியாக்களைத் தின்னும். எல்லா இறாலும் தின்னும் என்று கேரன்டி இல்லை. இதே சாயலில் முதுகில் கூனோடு இருக்கும் கேமல் இறாலை வாங்கிவிடாதீர்கள், அது பவளத்தையே பதம் பார்க்கும்.

பெர்கியா: ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை. ஐப்டேசியா மட்டும்தான் இதன் சாப்பாடு, மஜானோவைத் தொடாது. இறாலும் சில மீன்களும் இதைத் தின்றுவிடும். ஐப்டேசியா தீர்ந்தால் பட்டினியில் செத்துவிடும் என்பதால், தேவைப்படும் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீன்: ஐப்டேசியாவைத் தின்னும் பழக்கம் உண்டு. ஆனால் தொட்டியில் மற்ற உணவுக்குப் பழக்குவது கஷ்டம். புதிதாக வளர்ப்பவர்களுக்கு வேண்டாம்.

வெந்நீர் வேண்டவே வேண்டாம்!

``பாறையை எடுத்துக் கொதிக்கவெச்சா எல்லாம் செத்துடும்’’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலிதோவா, சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கவைத்தாலோ, பிரஷ்ஷால் தேய்த்தாலோ ஆவியும் நீர்த்துளியுமாக அது மூச்சில் கலந்துவிடும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது ஒரு குடும்பமே பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. சுத்தம் செய்த பிறகு மூச்சுத்திணறல், காய்ச்சல், கண் எரிச்சல் வந்தால் உடனே அறையைவிட்டு வெளியேறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபடி வராமல் இருக்க...

* புதுப் பாறை, பவளத் துண்டுகளைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கண்காணியுங்கள்.

* மீன்களுக்குத் தேவைக்கு மேல் உணவு போடாதீர்கள். மிச்சம் விழுவதெல்லாம் ஐப்டேசியாவுக்கு விருந்து.

* மன்னார் வளைகுடா போன்ற நம் கடல் பகுதிகளிலிருந்து எடுத்த பவளத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அது குற்றம்.

ஐப்டேசியாவை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. ஆனால், வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாறை இடுக்குகளைப் பாருங்கள். ஒன்று தெரிந்ததும் கவனித்துவிட்டால், நூறோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது!