அந்தரம்

“இருந்தா எழும்பச் சொல்லுது, எழும்பினா நடக்கச் சொல்லுது, ஒரே அந்தரமாக் கிடக்கு டொக்டர்.” வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இந்த முறைப்பாட்டுக்கு விளக்கம் தேவையில்லை. வடமொழி ‘அந்தர’ இடைவெளியைக் குறிக்கும். தமிழில் ஆகாயவெளியும் அந்தரமே. ஈழத்துப் பேச்சில் அது அவசரம், தவிப்பு. கால் நிலத்தில் பாவாத நிலையிலிருந்து இப்பொருள் கிளைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தத் தவிப்பில் ஒரு வகைக்கு மருத்துவப் பெயர் அகதீசியா. ‘உட்கார இயலாமை’ என்ற பொருளில், கிரேக்க வேர்களைக் கொண்டு பிராக் நகர நரம்பியல் மருத்துவர் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல் ஆக்கியது. காரணம் ஹிஸ்டீரியா, நரம்புத் தளர்ச்சி என்ற பக்கமே அவர் சாய்ந்தார். 1950களில் குளோர்ப்ரோமசீன் போன்ற மனநோய் மருந்துகள் பரவிய பிறகுதான் மருந்தும் இதைக் கிளப்பும் என்பது தெளிவாயிற்று. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட்டும் சிலருக்கு இதைச் செய்யும். கொடுமை என்னவென்றால், நோய்தான் முற்றிவிட்டது என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் அந்தரமும் கூடும்.

இரவில் படுத்ததும் கால் குடைந்து ஆட்டச் சொல்வது அகதீசியா அல்ல, வேறு நோய். சுவீடன் மருத்துவர் எக்போம் 1945இல் விரித்தெழுதியது. அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம்.