பந்தின் வழியும் கோலத்தின் இழையும்

வைகறையில் வாசல் தெளித்துப் புள்ளியிடும் தமிழ்ப் பெண்ணும், நீள்சதுர மேசையில் பந்தை உருட்டும் ஆட்டக்காரரும் ஒரே கணக்கைத்தான் செய்கின்றனர் என்றால் நம்புதல் அரிது. ஆயினும் அஃது உண்மையே.

பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி 1835இல் தனி நூலாக எழுதினார். அதன் கிளையாகிய ஸ்னூக்கர் 1875இல் சபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதன் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்து மன்றத்தில் வகுக்கப்பட்டன. மலாயாவிலும் துரைமார் மன்றங்களில் இம்மேசைகள் இருந்தன. தோட்டத்துத் தமிழனுக்கோ அம்மன்றம் உரிய இடமாக இருந்ததில்லை.

ஆனால் கணக்கிற்கு வேலி ஏது? கட்டம் போட்ட ஏட்டில் 3க்கு 5 என்ற நீள்சதுரம் வரைக. ஒரு மூலையிலிருந்து 45 பாகையில் பந்தைச் செலுத்துக. சுவரில் பட்ட கோணத்திலேயே பந்து திரும்பும். அது 15 கட்டங்களைக் கடந்து, 6 முறை சுவரில் மோதி, எதிர் மூலையை அடையும். 4க்கு 6 மேசையிலோ 12 கட்டங்களும் 3 மோதல்களுமே வரும். காரணம் யாது? பந்து திரும்புவதாகக் கொள்ளாமல், மேசையையே சுவருக்கு அப்பால் கண்ணாடிபோல் மடித்து விரிப்பதாகக் கொள்க. அப்பொழுது பந்தின் வழி நேர்கோடாகும். அகலத்தின் மடங்கும் நீளத்தின் மடங்கும் முதன்முதல் ஒன்றும் இடத்தில் அது ஒரு மூலையைத் தொடும். அதுவே மீச்சிறு பொது மடங்கு.

இனி வாசலுக்கு வருவோம். நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, ஓரங்களில் மட்டுமே இழையைத் திருப்பும் எளிய சிக்குக் கோலத்திலும் இழை பந்தைப்போலவே செல்கிறது. 3க்கு 4 புள்ளியில் ஒரே இழை. 4க்கு 6இல் இரண்டு. 3க்கு 3இல் மூன்று. இழைகளின் எண்ணிக்கை மீப்பெரு பொதுக் காரணியே. மூன்றிழையை ஒன்றாக்க வேண்டின், வெவ்வேறு இழைகள் சந்திக்கும் இடமாகத் தேர்ந்து, இரு சந்திப்புகளை அடுத்தடுத்துத் திருப்பினால் போதும்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலியோர் 1974இல் கோலத்தைக் கணினி மொழியியலோடு இணைத்து ஆராய்ந்தனர். மொசாம்பிக்கில் பணியாற்றிய பாவுலஸ் கெர்டஸ், அங்கோலா நாட்டு மணல் ஓவியங்களோடு தமிழர் கோலத்தை ஒப்பிட்டு, அவ்விழைகளைக் கண்ணாடிச் சுவர்களிடையே செல்லும் ஒளியின் வழியாக விளக்கினார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. நம் பாட்டிமார் இவ்விதியை நிறுவினர் என்று மார்தட்டுதல் பொய்யாகும். எந்தப் புள்ளிக்கு எத்தனை இழை என்பதைக் கை பழக்கத்தால் அறிந்திருந்தனர் என்பதே மெய். பழக்கம் வேறு, நிறுவல் வேறு. எனினும் பழக்கத்தை இழந்தவனுக்கு நிறுவ வேண்டிய வினாவே தோன்றாது.

மலாக்காத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. லயத்து மண்வாசலும் மறைந்து வருகிறது. ஆகவே தங்கா பத்து வட்டாரத்து ஆசிரியர் பொதுக் காரணியைக் கற்பிக்கும் நாளில் கரும்பலகையில் புள்ளி வைப்பாராக. கோலமிடும் தாய் ஒருவரையும் வகுப்பிற்கு அழைப்பாராக. கணக்கு அயலாரது சொத்தன்று, தன் வீட்டு வாசலில் கிடந்ததே என்று அறியும் பிள்ளை அதனைக் கண்டு அஞ்சாது.