ஆண்டலை எந்தப் பறவை?

திருவாலங்காடு என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு இரண்டு நினைவுகள் எழும். தலையால் நடந்து வந்து இரத்தினசபையின் அடியில் அமர்ந்த காரைக்கால் அம்மையார் ஒன்று. முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் மற்றொன்று. மூன்றாவதாக ஒரு நினைவையும் இவ்வூரோடு சேர்க்கலாம் என்று எனக்குச் சில காலமாகத் தோன்றிவருகிறது. தமிழ்நாட்டில் பறவை நோக்கலின் வரலாற்றை எழுத முற்படுவோர் இங்கிருந்து தொடங்கலாம் என்பதே அது.

பூண்டி நீர்த்தேக்கத்தின் கரையிலும் பழவேற்காட்டு உப்பங்கழியிலும் விடியற்காலையில் இருகண்நோக்கியும் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவுமாக நடப்போரை இன்று எளிதில் காணலாம். இது வெள்ளையர் விட்டுச்சென்ற பொழுதுபோக்கு என்று நம் தமிழாசிரியர்களில் பலர் எண்ணுகின்றனர். கருவிகளைப் பொறுத்தவரை அது சரியே. நோக்குதலைப் பொறுத்தவரை அவ்வளவு சரியன்று.

அம்மையார் திருவாலங்காட்டின்மீது பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பேய்களின் ஆட்டத்துக்காகவே நினைவுகூரப்படுகின்றன. பேய்களைச் சற்று ஒதுக்கிவிட்டு அந்த நிலத்தை மட்டும் பாருங்கள். கள்ளி, காரை, சூரை, ஈகை, எட்டி, இலவம் என்று அவர் குறிக்கும் தாவரங்களில் கற்பனை ஒன்றுமில்லை. தொண்டை மண்டலத்து வறண்ட புதர்க்காட்டின் தாவரப் பட்டியல் அது. காரையையும் சூரையையும் திருவள்ளூர் மாவட்டத்து மேய்ச்சல் நிலங்களில் இன்றும் முள் குத்தித் தெரிந்துகொள்ளலாம். ஊர்ப்பெயர் ஆலங்காடு, பதிகங்களில் முன்னிற்பதோ முட்காடு.

அந்தப் புதர்க்காட்டின் நள்ளிரவில் அவர் மூன்று பறவைகளைப் பிரித்துக் காட்டுகிறார். கூகையும் ஆண்டலையும் குரல் கொடுக்கின்றன. ஆந்தை கிளையின்மேல் குதித்து ஓடுகிறது. கூடவே வாகையின் வெளிறிய நெற்றுகள் ஒலிக்கின்றன. நம் உரைகளில் பல, மூன்று பறவைகளையும் ‘ஆந்தை வகைகள்’ என்று ஒரே மூச்சில் கடந்துவிடும். பாடியவர் அப்படிக் கடக்கவில்லை. இரண்டைக் குரலாலும் ஒன்றை அசைவாலும் அடையாளப்படுத்துகிறார். மரப்பொந்துகளில் வாழும் புள்ளி ஆந்தையை ஒரு மாலைப்பொழுதாவது நின்று பார்த்தவர்க்கு அந்தக் குதிப்பும் ஓட்டமும் விளங்கும். அது பெரிய ஆந்தைகளைப்போல் உறைந்து அமர்ந்திருப்பதில்லை. தலையை ஏற்றி இறக்கும், கிளை மாறும், தரைக்குத் தாவி மீண்டும் ஏறும்.

வாகை நெற்று இன்னொரு செய்தியையும் தருகிறது. வாகை இலையுதிர்த்து, காய்கள் வெளுத்து உலர்ந்து, காற்றில் சலசலப்பது ஏறக்குறைய தை முதல் பங்குனி வரையிலான காலம். தென்னாட்டில் ஆந்தை இனங்கள் பலவற்றின் இனப்பெருக்கப் பருவமும் அதையொட்டியே வருகிறது. அவை மிகுதியாகக் குரல் எழுப்புவதும் அப்போதுதான். நெற்றொலியும் கூகைக் குரலும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது யாப்பின் தேவையால் நேர்ந்த தற்செயல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டில், ஒரு பின்பனிக்கால இரவில், இந்த நிலத்தில் நின்று கேட்ட ஒருவரின் பதிவாகவே இதைக் கருதத் தோன்றுகிறது.

சிக்கல் ஆண்டலையில் வருகிறது. கூகையை அறிவோம், கோபுர மாடங்களில் வாழும் வெண்ணிற முகம் கொண்ட பறவைக்கு இன்று அப்பெயரை வழங்குகிறோம். ஆந்தையை அறிவோம். ஆண்டலை எது? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் மனிதத் தலை போன்ற தலையுடைய ஒரு பறவை என்கிறது. சேவல் என்றும் பொருள் தருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலின்மேல் நிறுத்தப்பட்ட பொறிகளுள் ஒன்று ஆண்டலை அடுப்பு. பறக்கவிட்டால் பகைவரின் உச்சந்தலையைக் கொத்தும் பறவை வடிவப் பொறி அது என்று உரை விளக்குகிறது. அதாவது, உரையாசிரியர் காலத்திலேயே இப்பறவை பாதி இயந்திரமாகவும் பாதி அச்சமாகவும் மாறிவிட்டிருந்தது. அகராதிக்கு வந்து சேர்ந்தபோது மனிதத் தலை மட்டுமே எஞ்சியது.

பெயரையே சான்றாகக் கொண்டால், பறவைகளுள் இரு கண்களும் முகத்தின் முன்புறம் அமைந்து மனித முகத்தை நினைவூட்டுவது ஆந்தைக் குடும்பமே. கூகையும் சிறு ஆந்தையும் தனியே சொல்லப்பட்டுவிட்டமையால், புதர்க்காட்டிலும் பாறை நிலத்திலும் வாழ்ந்து, ஆழ்ந்த குரலில் கூவும் கொம்பன் ஆந்தை ஆண்டலையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஏரிக்கரை மரங்களில் தங்கும் மீன் ஆந்தைக்கும் வாய்ப்புண்டு. ஊகத்துக்கு மேல் செல்ல வழியில்லை. பெயர் நம்மிடம் இருக்கிறது. பறவையும் பெரும்பாலும் எங்கோ இருக்கிறது. இரண்டையும் இணைத்த மனிதர்தான் இல்லை.

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. 1905-இல் வெளிவந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் இக்கோயிலுக்கு அளிக்கப்பட்டதைச் சொல்பவை. சோழர் காலச் சாசனங்களில் நிலத்தை வரையறுக்கும்போது உடும்பு ஓடுகிற, ஆமை தவழுகிற நிலம் என்று சொல்லும் மரபு உண்டு. உடும்புக்கும் ஆமைக்கும் ஆவணத்தில் இடம் கிடைத்தது. எல்லை தாண்டிப் பறப்பனவற்றைக் கணக்கர்கள் விட்டுவிட்டனர். அவை பாடுவோர் பொறுப்பாயின.)

பெயரையும் பறவையையும் சேர்த்துப் பதிக்கும் முயற்சி, அச்சிலும் ஓவியத்திலுமாக, இதே வட்டாரத்தில் மீண்டும் நிகழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்த எட்வர்டு பக்லி, சென்னைப் பகுதிப் பறவைகளின் ஓவியங்களை இலண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1713-இல் வெளிவந்த பறவையியல் நூலின் பின்னிணைப்பில் அவை இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பட்டியல்களுள் இது ஒன்று. இதன் சிறப்பு, உள்ளூர்ப் பெயர்களும் உடன் சென்றமையே. அவற்றுள் ஒன்று ‘பொன்னுங்கி பிட்ட’. பிட்ட என்பது சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். 1816-இல் பிரெஞ்சு அறிஞர் வியேயோ அதையே ஒரு பேரினத்தின் பெயராக்கினார். இன்று போர்னியோக் காடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் பல பறவைகள், சென்னையில் யாரோ ஒரு வேடரோ பணியாளரோ உச்சரித்த தெலுங்குச் சொல்லைச் சுமக்கின்றன. நம்மிடையே அப்பறவை ஆறுமணிக்குருவி; குளிர்கால வலசையில் இப்பகுதித் தோட்டங்களிலும் வந்து இறங்குவது. நம் நீர்நிலைகளின் ஓரத்தில் வாலாட்டி நடக்கும் வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயரிலோ மதராசப்பட்டினமே இருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கு இது சற்று உறுத்தலாம்: முதலில் அச்சேறிய பெயர் ஏன் தெலுங்கு? திருத்தணி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழகியவர்க்கு இக்கேள்வி எழாது. இவ்வட்டாரத்தில் பறவைகளை நெருங்கி அறிந்த மக்கள் பலரின் வீட்டுமொழி தெலுங்கு.

அம்மக்களின் அறிவுக்கு எவ்வளவு மதிப்புண்டு என்பதைக் காட்டும் செய்தி, எல்லைக்கு வடக்கே கிடைக்கிறது. நெல்லூரில் மருத்துவராயிருந்த தாமஸ் ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் ‘இந்தியப் பறவைகள்’ நூலில், தெரிந்தவரை ஒவ்வொரு பறவைக்கும் உள்நாட்டுப் பெயர்களைக் குறித்தார். அவர் பெயராலேயே 1848-இல் விவரிக்கப்பட்ட ஓட்டப்பறவை ஒன்று, 1900-க்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டதாக அறிஞர் கருதினர். 1986 சனவரியில் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பரத் பூஷண் அதை மீண்டும் கண்டறிந்தார். அவருக்கு வழிகாட்டியவர்கள், படத்தைக் கண்டதும் பறவையை இனங்கண்டுகொண்ட உள்ளூர்வாசிகளும் பறவை பிடிப்போருமே. அறிவியலுக்கு 86 ஆண்டுகள் இல்லாதிருந்த பறவை, அம்மண்ணில் இரவில் நடந்தவர்களுக்கு ஒருநாளும் இல்லாமற்போகவில்லை. ஆண்டலைக்கு அத்தகைய மனிதர் ஒருவரேனும் தொடர்ச்சியாக வாய்க்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

தமிழ் எழுத்தில் பெயரையும் காட்சியையும் மறுபடி சேர்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். 1950 முதல் தாம் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். முதுமலையின் யானைகளைப் படமெடுத்ததற்காகவே அவரை நினைவுகூர்வோர் பலர். அவர் எழுத்தில் என்னை ஈர்ப்பது வேறு: காகம், அணில், பல்லி, வீட்டுக்கூரைக் குருவி, மயிலாப்பூர் வீட்டுத் தோட்டத்துக்கு வந்துபோகும் பறவைகள். தொலைவான காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்ற எண்ணம் அவரிடம் இல்லை. வண்ணப்படங்கள் மலிந்த பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். உடல் ஒன்று, லென்ஸ் ஒன்று என்று தாமே இணைத்து அமைத்த கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மண்ணிலும் மரத்திலும் விலங்கிலும் இருக்கிறது என்பது அவர் கொள்கை. தெருவோரங்களில் அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் கடிந்ததற்குக் காரணமும் அதுவே.

அவருடைய தமிழ்க் கட்டுரைகள் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என 2002-இலும், பெருமாள்முருகன் பதிப்பில் ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என 2010-இலும் நூல்களாயின. ஓடைக்கரையில் நிற்கும் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் தணிந்த குரலில் சொல்வதுபோன்ற நடை. தந்தையின் புதினத்தை இன்றும் பாடத்திட்டத்தில் வைக்கிறோம். மகனின் உரைநடையை வைப்பதில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கிருஷ்ணன் கண்ணால் செய்ததைப் பனுவலின் பக்கமிருந்து செய்தவர் பி. எல். சாமி, அவருடைய ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ 1976-இல் வந்தது. க. ரத்னம் மக்கள் வழக்கிலிருந்த பறவைப் பெயர்களைத் திரட்டித் தந்தார். இவ்விருவர் இல்லையேல் நாம் இன்னும் அன்றிலையும் அன்னத்தையும் ஓவியர் கற்பனைக்கே விட்டிருப்போம்.

இன்று படத்துக்குப் பஞ்சமில்லை. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலிலும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்கள் தம் ஊர் ஏரிகளைச் சுற்றிவந்து பட்டியலிடுகின்றனர். என் வகுப்பு மாணவர் ஒருவர் கைப்பேசியில் காட்டிய புள்ளி ஆந்தைப் படத்தில் ஒவ்வோர் இறகும் எண்ணும்படி இருந்தது. பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். “உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்லுவாங்க?” என்று கேட்டேன். “பாட்டிகிட்ட கேக்கணும் ஐயா,” என்றார். மறுவாரம் கேட்டும் வந்தார். பாட்டி சொன்னது பெயர் மட்டுமன்று: அது எந்தப் புளியமரத்துப் பொந்தில் இருந்தது, அந்த மரம் எப்போது வெட்டப்பட்டது என்பதையும் சொல்லியிருந்தார். அம்மையாரிடம் பெயர்கள் இருந்தன, உருவம் நம்மை வந்து சேரவில்லை. அந்த மாணவரிடம் உருவம் இருக்கிறது. பெயரோ பாட்டியின் வாயில் இருந்தது.

அவகாசம் மிகவும் குறைவு. செங்கல் சூளைகளும் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் புதர்க்காட்டைத் துண்டுதுண்டாக்கியுள்ளன. பொந்துள்ள முதிர்ந்த மரம் சாலை விரிவாக்கத்தில் முதலில் விழுகிறது. கொம்பன் ஆந்தைக்கு வேண்டியதோ பாறையும் பள்ளமும் மனித நடமாட்டம் குறைந்த தரிசும். வருவாய்த்துறையின் கணக்கில் ஒன்றுக்கும் உதவாத நிலம்.

ஆயினும் வாகை மரங்கள் இவ்வட்டாரத்துச் சாலையோரங்களில் இன்னும் நிற்கின்றன. மாசி மாதத்தில் அவற்றின் நெற்றுகள் வெளுத்திருக்கும். நிலவில்லாத இரவொன்றில் இரண்டு மூன்று பேராகப் போய், விளக்கை அணைத்து, மின்னொளி பாய்ச்சிப் படமெடுக்கும் ஆசையையும் அடக்கி, அரை மணி நேரம் நின்றால் கூகையின் கிறீச்சிடலையும் சிறு ஆந்தையின் படபடப்பையும் இனம்பிரிப்பது கடினமன்று. இரண்டிலும் சேராத, கனத்துத் தாழ்ந்த மூன்றாவது குரல் ஒன்று கேட்டால், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, காலையில் அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.