கல்லுக்குள் நெல்மணி: நம்ம ஜொகூரிலும் ஒரு பழைய கடல்



தைப்பூசத்துக்குக் காஹாங்கிலிருந்து பஸ் ஏறி பத்துமலை போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருது. 272 படி ஏறி, குகைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறோமே, அந்த மலை முழுக்க சுண்ணாம்புக்கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலுக்கு அடியில் படிந்தது.

அப்படின்னா சிப்பி, சங்கு எல்லாம் எங்கே? பின்னொரு காலத்தில் பூமிக்கடியிலிருந்து பாறைக்குழம்பு மேலேறி கருங்கல்லாக இறுகியது. அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக மாறியது. உள்ளே இருந்த ஓடுகளின் உருவமும் பெரும்பாலும் அழிந்துபோனது. ஈப்போ, கம்பார் பக்கத்து மலைகளிலும் பல இடங்களில் இதே கதைதான்.

அதனால்தான், அழியாமல் தப்பிய கல் நமக்குப் பொக்கிஷம். அப்படி ஒன்று நமக்குத் தெற்கே, கோத்தா திங்கி மாவட்டத்து சுங்கை செடிலி வட்டாரத்தில் இருக்கு. அங்கே கிடைத்த ஃபியூசுலினிட் என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பற்றி 1979இல் இகோ, ராஜா, கோபயாஷி என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஃபியூசுலினிட் ஒற்றைச் செல் உயிர். ஆனால் அதன் ஓடு பெரும்பாலும் நெல்மணி, கோதுமைமணி அளவு இருக்கும். கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், பாயைச் சுருட்டி வைத்தது போல உள்ளே சுருள் சுருளாய் அறைகள் தெரியும். காலம் போகப் போக அந்த அறைகளின் அமைப்பு சீக்கிரம் மாறிக்கொண்டே வந்தது. எந்த வகை ஓடு இருக்கிறது என்று பார்த்தே கல்லின் வயதைச் சொல்லிவிடலாம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலுயிர்களில் பெரும்பகுதி அழிந்தபோது இந்த இனமும் அடியோடு போய்விட்டது.

இன்னொரு வரலாறும் நாம் தெரிந்து வைத்திருக்கணும். பேராக், கம்பாருக்கு மேற்கே ஈயம் எடுக்கத் தோண்டியபோது, மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டது. சுந்தரலிங்கம் என்ற புவியியலாளர் அங்கே ஈயச் சுரங்கம் சுரங்கமாய் ஆராய்ந்து, 1968இல் தன் முடிவுகளை வெளியிட்டார். கல்லடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்களே சுரங்கங்களின் பெயர்கள்தான்: நாம் லூங், குவான் ஒன், எச்.எஸ். லீ. இதில் எச்.எஸ். லீ என்பவர், சுதந்திர மலாயாவின் முதல் நிதியமைச்சராக இருந்தவர். அந்தச் சுரங்கத்துக் கல்லில் ஃபியூசுலினிட்டோடு நத்தை, சிப்பி ஓடுகளும் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. வயது 27 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஈயம் தீர்ந்ததும் இப்படிப்பட்ட குழிகளில் தண்ணீர் நிறைந்துவிடும். கம்பார் பக்கம் போனால் அந்த ஈயக் குட்டைகளை இன்றும் பார்க்கலாம். குழி திறந்திருந்த சில வருஷங்களில் ஒருவர் சுத்தியலும் நோட்டுமாகப் போய்ப் பார்த்ததால்தான் இன்று நமக்கு இவ்வளவு தெரியுது. யாரும் போகாமலே மூழ்கிய குழிகளில் என்ன இருந்ததோ!

சுண்ணாம்பு மலைக்கும் இதே நிலைமைதான். சிமெண்டுக்கும் ரோட்டுக்கும் உடைத்த மலை திரும்ப வளராது. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று கணக்குச் சொன்ன வீட்டுப் பிள்ளைகள் நாம். 27 கோடி நம்மைப் பயமுறுத்தாது. ஆனால் அவ்வளவு காலம் தாங்கிய ஒன்று ஒரே நாளில் தூளாவது மனசை உறுத்தணும்.

தொண்டர்கள் சார்பில் மூன்று வேண்டுகோள்:

🙏 குகைக் கோயில்களுக்குப் போனால் சுவரில் பேர் கீறாதீர்கள். நினைவுக்கென்று கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள்.

🙏 குகைக் கோயிலில் திருப்பணி என்றால், சுவரை உடைப்பதற்கும் சாயம் பூசுவதற்கும் முன்னால் படம் எடுத்து வையுங்கள். கல்லில் ஓடு மாதிரி ஏதாவது தெரிந்தால் கனிம, புவி அறிவியல் துறைக்குச் சொல்லுங்கள்.

🙏 அடுத்த தைப்பூசத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது, இந்த மலை ஒரு காலத்தில் கடலடி என்று சொல்லிக் கொடுங்கள்.

முருகன் குன்றுதோறும் இருப்பவன். குன்று இருந்தால்தானே!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!