உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருள்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

உங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நீங்கள் இயக்குநராகவோ உறுப்பினராகவோ இருந்தால், ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். ‘நோட்டிலும் எக்செல்லிலும் எழுதி மாளவில்லை, ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம்.’ விற்க வருபவர் லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ணமாக வரைபடம் காட்டுவார். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் உறுப்பினர் கணக்கை அது எழுதுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடை பில்லிங் போதுமா?

மளிகைக் கடையில் சரக்கு தருபவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர், முதலாளி வேறொருவர். உங்கள் நிறுவனத்தில் இந்த மூவரும் ஒரே ஆள். நிலக்கடலை கொண்டுவந்து போடுபவரே உரம் வாங்கிப் போகிறார், அவரே பங்குதாரர். பங்கு, கொள்முதல், இடுபொருள் கடன், நிறுத்தி வைத்த தொகை எல்லாம் ஒரே உறுப்பினர் எண்ணின் கீழ் தெரிய வேண்டும். சாதாரண பில்லிங் மென்பொருளில் அவரே ஓரிடத்தில் சப்ளையர், இன்னோரிடத்தில் கஸ்டமர் என்று இரண்டு ஆளாகப் பிரிந்து கிடப்பார்.

இது ஏன் முக்கியம்? உற்பத்தியாளர் நிறுவனத்தின் உபரியைப் பங்குக்கு ஏற்ப மட்டும் பிரிப்பதில்லை. நிறுவனத்தோடு யார் எவ்வளவு வியாபாரம் செய்தாரோ அந்த அளவுக்கு ‘பேட்ரனேஜ் போனஸ்’ தரவும் கம்பெனிச் சட்டம் இடம் தருகிறது. இருவரும் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு வைத்திருக்கிறார்கள், ஒருவர் 40 குவிண்டால் கடலை போட்டார், மற்றவர் ஒன்றும் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குக்கான தொகை இருவருக்கும் சமம். கொள்முதலுக்கான போனஸ் முதலாமவருக்குத்தான். வருடக் கடைசியில் யார் எவ்வளவு போட்டார் என்ற பட்டியல் ஒரே சொடுக்கில் வராவிட்டால், பொதுக்குழுவில் ‘என் மூட்டை எங்கே போச்சு?’ என்று கேட்கும் உறுப்பினருக்குப் பதில் சொல்ல முடியாது. அடுத்த பருவத்தில் அவர் சரக்கை வியாபாரியிடம் கொண்டுபோவார்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும். ஒரே ஊரில் ஐந்து முருகேசன் இருப்பார்கள். உறுப்பினர் எண், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் வைத்துத் தேட வேண்டும். சீட்டு தமிழில் அச்சாக வேண்டும். வாங்கும் விவசாயி படித்துப் பார்க்க முடியாத சீட்டால் பயனில்லை.

எடை, ஈரம், தரம்

சாக்கு எடை, ஈரப்பதம், கல் மண் ஆகியவற்றுக்குக் கழித்த பிறகு நிற்கும் எடைக்குத்தானே பணம் கொடுக்கிறோம்? மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் சீட்டில் தனித்தனியாக வர வேண்டும். மஞ்சளில் விரலி, கிழங்கு இரண்டுக்கும் வெவ்வேறு விலை. தரம் பிரித்து எழுத வழி இருக்கிறதா என்று கேளுங்கள். செக்கு வைத்திருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. 100 கிலோ காய் உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்புதான் கிடைக்கும். அதிலிருந்து எண்ணெயும் புண்ணாக்கும் வரும். இந்த மாற்றத்தை எழுதத் தெரியாத மென்பொருளில் இருப்பு ஒருநாளும் ஒத்துவராது.

இடுபொருள் கடை இருந்தால் வரி பிரிவும் பாருங்கள். விதைப்புக்கான விதைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரசாயன உரத்துக்கு 5 சதவீதம், ரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு 18 சதவீதம். மானிய உரத்தைப் பி.ஓ.எஸ். கருவியில் தனியாகப் பதிய வேண்டியிருப்பதால், அந்த இருப்பும் மென்பொருள் இருப்பும் தினமும் ஒத்துப்போக வேண்டும்.

சட்டம் கேட்பது

2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் எந்தக் கம்பெனியும் ஒவ்வொரு பதிவிலும் செய்த திருத்தத்தையும், திருத்திய தேதியையும் காட்டும் மென்பொருளைத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கவும் முடியக்கூடாது. உங்கள் நிறுவனமும் கம்பெனிதான். நோட்டில் எழுதும்வரை இந்த விதி வராது, மென்பொருளுக்கு மாறியதும் வந்துவிடும். கணக்கின் நகலைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்க வேண்டும். கணக்கை 8 ஆண்டுகள் காக்க வேண்டும். இவற்றை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள், உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதை வாங்கலாம்?

இடுபொருள் கடை மட்டும் நடத்தும் சிறிய நிறுவனத்துக்கு, டேலி போன்ற கணக்கு மென்பொருளும் ஒழுங்கான உறுப்பினர் பதிவேடும் போதும் என்பது என் கருத்து. பெரிய ஈ.ஆர்.பி. வாங்கிவிட்டு அதில் பில் மட்டும் போடுவது, டிராக்டர் வாங்கிக் கொல்லைக்குத் தண்ணீர் சுமப்பது போல. கொள்முதல், பதப்படுத்தல், பல கிளைகள் என்று போனபிறகு ஈ.ஆர்.பி. பற்றி யோசிக்கலாம். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறந்தமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வருக்கும், அமைத்துத் தருபவருக்கும், பழுது பார்ப்பவருக்கும் செலவு உண்டு.

விலை கேட்கும்போது முதல் வருட விலையை மட்டும் கேட்காதீர்கள். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்தியத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை கிடைப்பது 3 ஆண்டுகளுக்குத்தான். நான்காம் ஆண்டு புதுப்பிப்புக் கட்டணத்தைச் சொந்த வருமானத்தில் கட்ட முடியுமா? முடியாது என்றால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

விற்பவரின் மாதிரிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, உங்கள் கொள்முதல் நாள் ஒன்றின் சீட்டுக் கட்டைக் கொடுத்து உங்கள் ஊழியரையே பதியச் சொல்லுங்கள். ஈரக்கடலை, திருப்பிக் கொடுத்த உர மூட்டை, பாதிப் பணம் பாதிக் கடன் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு ஒரு பில்லைத் திருத்தச் சொல்லுங்கள், திருத்தியது தெரிகிறதா பாருங்கள். கடைசியாக எல்லாத் தகவலையும் எக்செல்லில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இதில் விற்பவர் தயங்கினால் வாங்க வேண்டாம். நாளை வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால் உங்கள் கணக்கு அவரிடம் மாட்டிக்கொள்ளும்.

முதன்மைக் கடவுச்சொல் கணக்காளர் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனதும் கணக்கைத் திறக்க முடியாமல் தவிக்க நேரும். நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலிலும் செல்பேசி எண்ணிலும் பதிவு செய்து, தலைவரிடமும் ஒரு நகல் வைத்திருங்கள்.

கொள்முதல் பருவத்தின் நடுவில் மாற வேண்டாம். மார்ச் 31 அன்று கிடங்கு இருப்பை எடை போட்டு எழுதி, ஏப்ரல் 1 முதல் புதிய மென்பொருளில் பதியுங்கள். முதல் இரண்டு மாதம் நோட்டிலும் சேர்த்து எழுதுங்கள். மாத முடிவில் இரண்டிலும் இருப்பு ஒத்துப்போன பிறகு நோட்டை நிறுத்தலாம்.