உப்பு சொன்ன கணக்கு

புள்ளியியல் என்றாலே எங்கள் வெள்ளகோவில் பிள்ளைகளுக்கு வேப்பங்காய். அவர்களிடம் நான் சூத்திரம் பேசுவதில்லை. சி. ஆர். ராவ் தம் நூலில் எழுதிய செங்கோட்டைக் கதையைத்தான் சொல்வேன்.

1947, பிரிவினைக் கலவர நேரம். டெல்லி செங்கோட்டைக்குள் சிறுபான்மை மக்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். உணவுப்பொருள் கொடுத்த ஒப்பந்தக்காரர்களின் பில் தொகை மிக அதிகம். உள்ளே எத்தனை பேர் என்பதோ அரசுக்குத் தெரியாது. போய் எண்ணவும் வழியில்லை.

ஜே. எம். சென்குப்தா என்ற புள்ளியியலாளர் பில்லை வைத்தே கணக்குப் போட்டார். ஓர் ஆள் ஒரு நாளில் சாப்பிடும் அரிசி, பருப்பு, உப்பின் அளவு முந்தைய ஆய்வுகளில் இருந்தது. பில்லில் இருந்த அளவை அதனால் வகுத்தார். மூன்றிலும் ஒரே தலைக்கணக்கு வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அரிசிப்படி கூட்டம் அதிகம்; உப்புப்படி மிகக் குறைவு.

எது நிஜம் என்று இந்த இடத்தில் பிள்ளைகளைக் கேட்பேன். யாராவது ஒருவர் "உப்பு" என்று சொல்லிவிடுவார். அரிசியைக் கூட்டி எழுதினால் லாபம். மலிவான உப்பைக் கூட்டி எழுதி என்ன கிடைக்கும்? ஹுமாயூன் கல்லறையில் இருந்த சிறிய முகாமில் இதே முறையைச் சோதித்தபோதும் விடை ஒத்துவந்தது.

காலமெல்லாம் பில் பார்த்த குமாஸ்தா நான். கூட்டல் சரியா என்பதோடு, எண்ணை எழுதியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்றும் பார்க்கவேண்டும். இக்கதை கேட்ட பிள்ளைகள் அதைத் தாமாகவே கேட்கிறார்கள்.